நகராட்சியில் உங்கள் மனு: வரி, சான்றிதழ், தெருப் புகார் ஆகியவற்றுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரத்தில் குடியிருப்பவர் வேறெந்த அரசு அலுவலகத்தின் படியேறாமல் காலத்தைக் கழித்துவிட்டாலும், நகராட்சி அலுவலகத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. பிறப்பும் இறப்பும் அங்கேதான் பதிவாகின்றன. வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. தெருவிளக்கு அணைந்துபோன இரவிலும் குழாய் வறண்டுபோன காலையிலும் நமக்கு நினைவுக்கு வருவது அந்த அலுவலகம்தான். என் குடும்பத்துக்காகவும் எங்கள் தெருவில் உள்ளவர்களுக்காகவும் பல ஆண்டுகளாக மனு எழுதி வருகிறேன். அந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. தன் மனு எந்தப் பிரிவில், எந்த எண்ணில், எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது என்பதைக் கையில் வைத்திருப்பவருக்கு வேலை நடக்கிறது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றையே அடிப்படையாகக் கொண்டது.

யாரிடம் போவது

இன்று தமிழ்நாட்டின் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்படி இயங்குகின்றன. அச்சட்டம் அதற்கான விதிகளுடன் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நகராட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே இருந்தது. பழைய நோட்டீஸ்களிலும் பழைய ரசீதுகளிலும் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களைக் கண்டால் குழம்ப வேண்டியதில்லை.

நகராட்சிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, வார்டுக்கு ஒருவராக மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலர்களும், அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் தலைவரும், துணைத் தலைவரும் கொண்ட நகர்மன்றம். மற்றது, ஆணையரின் கீழ் இயங்கும் அலுவலகம். எதற்குச் செலவு செய்வது, எந்தத் தெருவுக்குச் சாலை போடுவது, எந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்பது போன்றவை மன்றத்தின் தீர்மானத்துக்கு உட்பட்டவை. உங்கள் வீட்டின் வரிப் பெயரை மாற்றுவது, சான்றிதழ் வழங்குவது போன்றவை அலுவலகத்தின் வேலை. இந்த வேறுபாடு தெரியாமல், பெயர் மாற்றத்துக்குக் கவுன்சிலர் வீட்டு வாசலிலும் புதிய வடிகாலுக்குக் குமாஸ்தாவின் மேசை முன்பும் நின்று காலத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்துக்குள் வருவாய்ப் பிரிவு வரியைப் பார்க்கிறது. நாம் பில் கலெக்டர் என்று அழைப்பவரும் அவருக்கு மேலுள்ள வருவாய் ஆய்வாளரும் இப்பிரிவைச் சேர்ந்தவர்கள். பொறியியல் பிரிவு குடிநீர், சாலை, தெருவிளக்கு, வடிகால் ஆகியவற்றைப் பார்க்கிறது. சுகாதாரப் பிரிவு குப்பை, கொசு ஒழிப்பு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றைக் கவனிக்கிறது. நகரமைப்புப் பிரிவு கட்டட அனுமதியையும் ஆக்கிரமிப்பையும் பார்க்கிறது. மனு எழுத உட்காரும் முன், உங்கள் காரியம் இந்த நான்கில் எதனுடையது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

மனுவை எழுதுவதும் கொடுப்பதும்

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். குடிநீரும் குப்பையும் தெருவிளக்கும் ஒரே மனுவில் இருந்தால் அது முதலில் எந்தப் பிரிவுக்குப் போகிறதோ அங்கேயே தங்கிவிடும். பெறுநர் எப்போதும் ஆணையர் அவர்கள்தான். பிரிவின் பெயரைப் பொருள் வரியில் குறிப்பிட்டால் போதும். பொருள் வரி கோப்பின் மேலட்டையில் அப்படியே ஏறக்கூடியது என்பதால், அதை எழுதுவதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். “எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை” என்பதைவிட, “தெருவிளக்கு – 14ஆவது வார்டு – பள்ளிவாசல் தெரு – கம்பம் எண் 7 முதல் 9 வரை – பத்து நாட்களாக எரியாதது – சரிசெய்யக் கோருதல்” என்பது படிப்பவரை உடனே வேலைக்கு அனுப்பும்.

மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துச் சென்று தபால் பிரிவில் கொடுங்கள். அங்கே ஒரு பிரதியைப் பெற்றுக்கொண்டு, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வரிசை எண்ணும் இட்டுத் தருவார்கள். தரவில்லையென்றால் பணிவாகக் கேட்டுப் பெறுங்கள். அது உங்களுக்கு உரியது. நேரில் போக இயலாதவர்கள் விநியோகச் சான்று கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது என் தாத்தாவின் வீட்டுக்குப் பெயர் மாற்றம் செய்யப் போனபோதுதான். மனுவை நேராக மேசையில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தலையசைத்ததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் போனபோது அந்த மேசையில் வேறொருவர் இருந்தார். முன்பிருந்தவர் மாறுதலாகிப் போயிருந்தார். மனு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, அதைக் கொடுத்தேன் என்பதற்கு என்னிடமும் எந்த அத்தாட்சியும் இல்லை. இரண்டாம் முறை தபால் பிரிவில் கொடுத்து எண் வாங்கிய மனு, தாமதமானாலும் காணாமல் போகவில்லை.

சொத்து வரி: ரசீதைப் படிக்கும் முறை

வரி அரையாண்டுக்கு ஒருமுறை விதிக்கப்படுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் வரியில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் கழிக்கப்படுகிறது. அரையாண்டு வரி 1,800 ரூபாய் என்றால் 90 ரூபாய் மிச்சம். தொகை சிறிதாகத் தோன்றினாலும், முதல் மாதத்திலேயே வரி சேர்ந்தால் நகராட்சி தன் மின்கட்டணத்தையும் தூய்மைப் பணியாளர்களின் ஊதியத்தையும் தாமதமின்றிக் கொடுக்க முடியும் என்பதால், இந்தச் சலுகையைத் தவறவிடாமல் கட்டும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ரசீதைக் கையில் எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மேலே வரிவிதிப்பு எண் இருக்கும். வீட்டின் கதவு எண் மாறினாலும், தெருவின் பெயர் மாறினாலும், உரிமையாளர் மாறினாலும், நகராட்சி உங்கள் கட்டடத்தை அடையாளம் காண்பது இந்த எண்ணால்தான். அதன் கீழே உரிமையாளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வார்டு, தெரு. பிறகு நிலுவை, நடப்பு என்று இரண்டு பகுதிகள்: முந்தைய அரையாண்டுகளின் பாக்கி நிலுவை, இந்த அரையாண்டின் தொகை நடப்பு. நீங்கள் முழுவதும் கட்டியிருந்தும் நிலுவையில் தொகை காட்டப்பட்டால், பழைய ரசீதின் நகலுடன் வருவாய்ப் பிரிவில் அன்றே மனு கொடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டால் அந்த ரசீதைத் தேடுவதே தனி வேலையாகிவிடும். வரியுடன் நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் கீழ் வரும் இந்தத் தொகை சொத்து வரியின் ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு; உங்கள் ஊர் நூலகத்துக்குப் புத்தகம் வருவது இதிலிருந்துதான்.

வரியின் அளவு கட்டடத்தின் பரப்பு, அது அமைந்துள்ள மண்டலம், குடியிருப்பா வணிகமா என்ற பயன்பாடு, கட்டுமான வகை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2022 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் வரி சீராய்வு நடந்தபோது குடியிருப்புகளுக்கான உயர்வு பரப்பைப் பொறுத்தே அமைந்தது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு அது 25 சதவீதமாக இருந்தது. ஆகவே உங்கள் வரி அண்டை வீட்டைவிட அதிகம் என்று தோன்றினால், முதலில் பார்க்க வேண்டியது பதிவேட்டில் உங்கள் வீட்டின் பரப்பு எவ்வளவு என்று இருக்கிறது என்பதையும், பயன்பாடு எப்படிக் குறிக்கப்பட்டுள்ளது என்பதையும்தான். முன்னறையில் ஒரு காலத்தில் இருந்த மளிகைக் கடை எப்போதோ மூடப்பட்டிருக்கும். பதிவேட்டில் மட்டும் அது இன்னும் வணிகப் பகுதியாகவே இருக்கும். இப்படிப்பட்ட பிழையை மனுவின் மேல் நேரில் வந்து அளந்து திருத்துவார்கள். புதிதாகவோ உயர்த்தியோ வரி விதித்து நோட்டீஸ் வந்தால், அதில் குறிப்பிட்டுள்ள கெடுவுக்குள் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். கெடு கடந்தபின் சொல்லும் நியாயத்துக்கு வலு குறைந்துவிடுகிறது.

பெயர் மாற்றம்

வீடு கைமாறினால் பத்திரப் பதிவுடன் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் செய்வது ஒன்று, வருவாய்த் துறையில் பட்டா மாற்றுவது மற்றொன்று, நகராட்சியில் வரிவிதிப்புப் பெயரை மாற்றுவது மூன்றாவது. மூன்றும் தனித்தனியானவை, ஒன்று முடிந்தால் மற்றவை தாமாக நடந்துவிடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

விலைக்கு வாங்கியவர் கிரயப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, நிலுவையின்றி வரி கட்டிய கடைசி ரசீது ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை நகராட்சி நிர்வாகத் துறையின் இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். நிலுவை இருந்தால் விண்ணப்பம் நகராது என்பதால், வீடு வாங்கும் முன்பே விற்பவரின் வரிவிதிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, நிலுவை எவ்வளவு என்பதை இணையத்தில் பார்த்துவிடுவது நல்லது. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. சொத்து வரியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, குடிநீர் இணைப்பு இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். மூன்றையும் ஒரே சமயத்தில் கேட்டுவிடுங்கள்.

உரிமையாளர் இறந்துபோய் வாரிசுகள் விண்ணப்பிக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரத்தின் நகல், கடைசி வரி ரசீது ஆகியவை அடிப்படையானவை. வாரிசுகள் பலர் இருந்தால், எல்லோர் பெயரையும் சேர்த்து மாற்றிக்கொள்வதே நேர்மையான வழி, சிக்கலும் இல்லாத வழி. ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டுமென்றால் மற்றவர்கள் தங்கள் பங்கைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தின் மூலம் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் மகன், “அக்கா தங்கைகளெல்லாம் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறார்கள்” என்று சொல்லித் தன் பெயரை மட்டும் போடச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் இறந்துபோன தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சமப் பங்கு என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. அந்தப் பங்கு வரிப் புத்தகத்தில் பெயர் இல்லாததால் போய்விடாது.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரி ரசீது உரிமைப் பத்திரம் அல்ல. நகராட்சி வரி வசூலிப்பது கட்டடம் இருக்கிறது, அதை ஒருவர் அனுபவிக்கிறார் என்பதற்காகத்தான். இடம் யாருக்குச் சொந்தம் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. ரசீதை மட்டும் காட்டி விற்க வருபவரிடம் மூலப் பத்திரம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உத்தரவு வந்தபின் பெயரின் எழுத்துகளையும் தலைப்பெழுத்தையும் ஆதார் அட்டையுடனும் பத்திரத்துடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் தாத்தா வீட்டுக் கோப்பில் என் தந்தையின் தலைப்பெழுத்து மாறி ஏறியிருந்தது. அதை அன்று கவனிக்காமல் விட்டதால், வங்கிக் கடனுக்குப் போனபோது இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டிவந்தது.

பிறப்பும் இறப்பும்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டினுடையது. நிகழ்ந்த 21 நாட்களுக்குள் தகவல் தந்தால் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 30 நாட்கள் வரை தாமதக் கட்டணத்துடன் பதியலாம். அதற்கு மேல் ஓராண்டு வரை உயர் அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டைத் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு தேவைப்படும். மருத்துவமனையில் நடந்தவற்றை மருத்துவமனையே தெரிவித்துவிடும். வீட்டில் நிகழும் இறப்பைக் குடும்பத்தினரே தெரிவிக்க வேண்டும், துக்கத்தில் அந்த 21 நாட்கள் போவதே தெரிவதில்லை; உறவினரில் ஒருவர் இதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்வது பெரிய உதவி.

பதிவு என்பது நிகழ்ந்த இடத்தில் நடப்பது, குடியிருக்கும் இடத்தில் அல்ல. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். ஆகவே முதல் குழந்தையின் சான்றிதழ் பெரும்பாலும் தாயின் பிறந்த ஊரில் இருக்கும். பள்ளிச் சேர்க்கையின்போது சொந்த ஊர் நகராட்சியில் தேடிவிட்டு, பதிவே இல்லை என்று பதறிப் போகாதீர்கள். கர்ப்ப காலத்தில் கிராம அல்லது நகர சுகாதாரச் செவிலியர் தரும் 12 இலக்க பிக்மி எண்ணை (கர்ப்பப் பதிவு எண்) பத்திரமாக வைத்திருங்கள். பிறப்புப் பதிவில் அது கேட்கப்படும்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடலாம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை விருப்பத்துக்கு மாற்ற முடியாது. எழுத்துப் பிழை போன்றவற்றைத்தான் ஆதாரத்துடன் திருத்துவார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாகிறது என்பதால், பெற்றோரின் பெயர்கள் அதில் எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதை முதல் வாரத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

தெருவில் ஒரு பிரச்சினை

முதலில் அது நகராட்சியினுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊருக்குள் போகும் முக்கியச் சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானது. அதில் உள்ள பள்ளத்துக்கு நகராட்சியில் எத்தனை மனு கொடுத்தாலும் பயனில்லை. தெருவிளக்கின் விளக்கு நகராட்சியின் பொறுப்பு. ஆனால் கம்பி அறுந்து தொங்கினால் அது மின்வாரியத்தின் வேலை, அதற்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

விளக்குக் கம்பத்தைப் பகலில் அருகில் போய்ப் பாருங்கள். தோள் உயரத்தில் பெயின்டில் ஓர் எண் எழுதியிருக்கும், சில இடங்களில் சுவரொட்டிகளுக்கு அடியில் மறைந்திருக்கும். அந்த எண்ணுடன் வரும் புகாருக்குப் பணியாளர் நேராக அந்தக் கம்பத்துக்கே வந்துவிடுவார். குழாய் உடைப்பு என்றால் எந்த வீட்டுக்கு எதிரே, எந்த நேரத்தில் தண்ணீர் விடும்போது ஒழுகுகிறது என்று எழுதுங்கள். தண்ணீர் விடாத நேரத்தில் வந்து பார்க்கும் ஃபிட்டருக்கு ஈரமான மண் மட்டுமே தெரியும். குடிநீரில் சாக்கடை வாடை அடித்தால் மனு எழுதிக்கொண்டிருக்காமல் பொறியியல் பிரிவுக்கும் சுகாதாரப் பிரிவுக்கும் அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் கொடுங்கள்.

பழுது பார்ப்பது வேறு, புதிதாகக் கேட்பது வேறு. புதிய வடிகாலோ சாலையோ வேண்டுமென்றால் மதிப்பீடு, நிதி, மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி என்ற படிகளைக் கடந்தாக வேண்டும். “பணம் இருக்கிறது, ஆனால் இதற்குச் செலவழிக்க முடியாது” என்று அலுவலர் சொல்வது எப்போதும் சாக்கு அல்ல. உதாரணமாக, 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியத்தில், பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு வந்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பூங்காவுக்கு அதைத் திருப்ப முடியாது. ஆகவே உங்கள் கோரிக்கை எந்த நிதியின் கீழ் வரக்கூடும் என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினால் அது மதிப்பீடு வரை போகும்.

மன்றமும் பகுதி சபையும்

புதிய பணிக்கான கோரிக்கையைக் கவுன்சிலர் மூலம் மன்றத்தின் பொருள் நிரலில் ஏற்றுவதுதான் உரிய வழி. தெருவில் உள்ளவர்கள் கையெழுத்திட்ட மனுவை ஆணையருக்குக் கொடுத்து எண் வாங்கி, அந்தப் பிரதியைக் கவுன்சிலரிடம் கொடுங்கள். பட்ஜெட் மார்ச்சில் வைக்கப்படுவதால், அதில் இடம் பெற வேண்டிய கோரிக்கையை டிசம்பர், ஜனவரியிலேயே கொடுத்துவிட வேண்டும்.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின், கிராமசபையைப் போல நகரங்களிலும் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க விதிகள் வந்தன. அவ்வாண்டு உள்ளாட்சி நாளான நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதில் பேசலாம். கூட்டம் எப்போது என்பதைக் கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்டு, தெருவிலிருந்து பத்துப் பேராவது போங்கள், அவர்களில் பெண்கள் இருக்கட்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை குடம் நிரம்புகிறது என்பதைக் குடம் பிடிப்பவர் சொல்லும்போதுதான் அது சரியாகப் பதிவாகிறது. பேசியது கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டதா என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள்.

பதில் வராதபோது

ஒரு மாதம் காத்திருந்தும் பதில் இல்லையென்றால், பழைய மனுவின் எண்ணையும் தேதியையும் “பார்வை” என்று குறிப்பிட்டு நினைவூட்டு மனு கொடுங்கள். முதல்வரின் உதவி மையத்தின் 1100 என்ற எண்ணிலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே எண்ணைச் சொல்லிப் புகார் பதியலாம்.

அதற்கும் அசையாத கோப்புக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்க வேண்டும்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிட இடமுண்டு. அதற்குப் பதிலாக, “இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள எனது மனுவின் மீது இன்றுவரை எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகள் அனைத்தின் நகல்” என்று கேளுங்கள். குறிப்பே எழுதப்படாத கோப்பில் அந்தக் கேள்வி வந்து சேர்ந்த நாளிலேயே முதல் குறிப்பு எழுதப்படுவதை நான் கண்டிருக்கிறேன். பதில் வராவிட்டாலோ நிறைவில்லாவிட்டாலோ 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். இரண்டு இடங்களிலும் முதலில் கேட்கப்படுவது, தபால் பிரிவில் முத்திரையிட்டுத் தந்த அந்த முதல் மனுவின் நகல்தான்.